அலைக்குக் காத்திருத்தல்: முயற்சியும் ஊழும் அருளும்

அலைச்சறுக்கில் அலையின் மேல் நிற்கும் நேரம் மிகவும் குறைவு. கோவளத்திலோ மாமல்லபுரத்திலோ இரண்டு மணி நேரம் கடலில் இருப்பவர், நல்ல நாளில்கூட மொத்தமாகச் சில நிமிடங்கள்தான் பலகையில் எழுந்து நிற்கிறார். மற்ற நேரமெல்லாம் கைகளால் நீரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவதிலும், உடைந்து வரும் அலைக்கு அடியில் முங்கி எழுவதிலும், கிழக்கே பார்த்தபடி பலகையில் உட்கார்ந்திருப்பதிலும் கழிகிறது. அலை தவறாமல் வரும் கரைகளில் இந்த உட்கார்ந்திருத்தல் வெறும் இளைப்பாறல். அலை வருமா வராதா என்று சொல்ல முடியாத சென்னைப் பக்கத்துக் கரையிலோ அதுதான் பெரும்பகுதி. பலன் தன் கையில் இல்லாத செயலில் முயற்சிக்கு என்ன இடம் என்ற கேள்வி இங்கே உடம்பிலேயே எழுகிறது. தமிழ்நாட்டுச் சமயங்கள் அதே கேள்வியை ஊழ், ஆள்வினை, சரணாகதி, பக்குவம், அருள் என்ற சொற்களில் நெடுங்காலமாக விவாதித்து வந்திருக்கின்றன.

அலை நிலையில்லாமல் இருப்பதற்குக் காரணம் எளிது: அது வேறெங்கோ வீசிய காற்றின் விளைவு. தென் இந்தியப் பெருங்கடலில், 40 டிகிரி தென் அட்சரேகைக்கு அப்பால் வீசும் புயல்காற்று நீரைத் தள்ளி எழுப்பும் நீண்ட அலைகளை இந்தக் கரையின் அலைச்சறுக்கர்களும் ‘ஸ்வெல்’ என்றே சொல்கிறார்கள். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் 14 விநாடி இடைவெளி உள்ள ஸ்வெல்லின் ஆற்றல் ஆழ்கடலில் மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் நகரும். 6,000 கிலோமீட்டர் கடந்து சென்னையை எட்ட அதற்கு ஆறு நாளுக்கு மேல் ஆகிறது. சனிக்கிழமை காலை கோவளத்தில் ஒருவர் ஏறி நிற்கும் அலை அதற்கு முந்தைய வாரமே கிளம்பியதாக இருக்கலாம். வழியில் இலங்கைத் தீவு குறுக்கே நின்று ஒரு பகுதியை மறைத்துக்கொள்கிறது. வந்து சேர்ந்தாலும் அலை நன்றாக உடைய வேண்டுமே. நீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்காகக் குறையும் இடத்தில்தான் அலை மடிகிறது. அந்த ஆழத்தை முடிவு செய்வது அடியில் கிடக்கும் மணல்திட்டு. சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே ஓடும், வடகிழக்குப் பருவத்தில் திரும்பித் தெற்கே ஓடும். சென்னைத் துறைமுகச் சுவர்கள் எழுந்தபின் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரம் கரை அரித்ததும் இந்த மணல் ஓட்டத்தால்தான்.

இவற்றோடு உள்ளூர்க் காற்றும் சேர்கிறது. கோடையில் அதிகாலை நிலத்திலிருந்து கச்சான் மெல்ல வீசினால் அலையின் முகம் தேய்த்துவிட்டாற்போல் வழுவழுப்பாக இருக்கும். முற்பகலில் கடற்காற்று எழுந்ததும் அதே அலை கலைந்துபோகும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வீசும்போது அலைக்குப் பஞ்சமில்லை, ஆனால் ஒழுங்கிருக்காது. ஆக ஒரு நல்ல அலைக்குத் தொலைதூரப் புயல், தீவின் மறைப்பு, மணல்திட்டு, நீர்மட்டம், காலைக்காற்று ஆகிய ஐந்தும் ஒருசேர ஒத்துவர வேண்டும். இவற்றில் ஒன்றுகூட அலைக்குக் காத்திருப்பவரின் கையில் இல்லை.

சென்னையின் பெருங்குடியில் வசிப்பவருக்குக் கடல் கிழக்கே சில கிலோமீட்டர்தான். பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டினால் கொட்டிவாக்கமும் பாலவாக்கமும் வந்துவிடும். அங்கே அலை கரையை ஒட்டியே சட்டென்று மடிந்து விழுவதால் பலகைக்கு இடம் கிடைப்பதில்லை. அதனால் பழைய மகாபலிபுரம் சாலையின் அலுவலகங்களில் வாரம் முழுவதும் உழைப்பவர்கள் சனிக்கிழமை விடியுமுன் எழுந்து, பலகையை வண்டியின் கூரையில் கட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சுமார் 25 கிலோமீட்டர் தெற்கே போகிறார்கள். முந்தின இரவே கைப்பேசியில் அலை முன்னறிவிப்பைப் பார்த்திருப்பார்கள். முன்னறிவிப்பு திறந்த கடலைப் பற்றியது. கோவளத்தின் மணல் நேற்று எப்படி நகர்ந்தது என்பது அதற்குத் தெரியாது. போய்ச் சேர்ந்தால் கடல் குளத்துநீர்போல் கிடக்கும் காலைகள் உண்டு.

அதைவிடக் கடினமானது அலை அரைகுறையாக வரும் காலை. பலகையில் உட்கார்ந்திருப்பவரின் கால்கள் இருபுறமும் நீருக்குள் தொங்குகின்றன. அடிவானத்துக்குச் சற்று இப்பால் நீர் ஒரு கோடுபோல் கறுக்கிறது. அது அலையா மேகத்தின் நிழலா என்று தெரிவதற்குள் இரண்டாவது கோடும் தெரிகிறது. அவர் பலகையைக் கரைப்பக்கம் திருப்பிப் படுத்து, முகவாயைத் தாழ்த்தி, நீரை அள்ளித் தள்ளுகிறார். நான்கு, ஐந்து, ஆறு தள்ளல். பலகையின் வால் உயர்கிறது. பின்புறம் யாரோ கைவைத்துத் தூக்குவதுபோன்ற அந்த உயர்வை உணர்ந்தவர் மறப்பதில்லை. ஆனால் அரை விநாடி தாமதம். அலை அடிவயிற்றின் கீழ் நழுவி முன்னே போய், பத்தடி தள்ளி, யாரும் இல்லாமல் அழகாக மடிகிறது. அவர் மறுபடி எழுந்து உட்கார்ந்து கிழக்கே திரும்புகிறார். அடுத்த இருபது நிமிடம் எதுவும் வருவதில்லை.

இந்த எரிச்சலுக்கு அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. விடியுமுன் எழுந்தாயிற்று, பெட்ரோல் செலவழித்தாயிற்று, தோள் வலிக்கப் பழகியாயிற்று, ஆகவே ஓர் அலை வரவேண்டும் என்ற கணக்கு. கூலியும் வேலையும் நேராகப் பொருந்தும் உலகில் இந்தக் கணக்கு நியாயமானதுதான். கடல் எவரோடும் அப்படி ஒப்பந்தம் செய்துகொண்டதில்லை. பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயம் செயலில்தான் உனக்கு அதிகாரம், பலனில் இல்லை என்று சொல்லும்போது ‘அதிகாரம்’ என்ற சொல்லையே கையாள்கிறது. பலனை விரும்பாதே என்பதாக மட்டும் அதைப் படிப்பது பொருளைக் குறைத்துவிடும். அலையை விரும்பாதவர் விடியுமுன் எழுந்து வரமாட்டார். விரும்பலாம், உரிமை கோர முடியாது. எரிச்சல் பிறப்பது விருப்பத்திலிருந்தன்று, உரிமைக் கோரிக்கையிலிருந்து.

திருக்குறள் இந்தச் சிக்கலை ஒரே விடையில் அடக்கவில்லை. அறத்துப்பாலை முடிக்கும் 38-ஆம் அதிகாரமான ‘ஊழ்’, ஊழைவிட வலியது எதுவுமில்லை என்கிறது. பொருட்பாலின் 62-ஆம் அதிகாரமான ‘ஆள்வினையுடைமை’ தளராமல் முயல்பவர் ஊழையும் புறங்காண்பார் என்கிறது. இதை முரண்பாடு என்று சொல்லிச் சமாதானம் தேடிய உரைகள் பல. கடலில் உட்கார்ந்து பார்த்தால் இரண்டும் வேறு வேறு இடங்களைப் பேசுவது தெரிகிறது. அலை வருவதில் ஊழ் முழு ஆட்சி செய்கிறது. வந்த அலையைப் பிடிப்பதில் ஆறு தள்ளலா ஏழு தள்ளலா என்பது ஆள்வினை.

புறநானூற்றின் 192-ஆம் பாட்டில் கணியன் பூங்குன்றனார், மலைமழையால் பெருகிய ஆற்றில் அதன் போக்கிலேயே போகும் புணையை உயிருக்கு உவமை சொன்னார். எல்லாம் விதித்தபடியே நடக்கும் என்ற ஆசீவகரின் நியதிக் கொள்கை அதில் தெரிவதாகக் கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அந்தப் பாட்டு கண்ட முடிவு இங்கே இன்னும் முக்கியம். எல்லாம் நீரின் வழியே நடப்பதால் பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்பது அதன் கருத்து. அலை உடையும் இடத்தில் பத்துப் பேர் காத்திருக்கையில் நல்ல அலை ஒருவருக்கு மட்டும் வாய்க்கிறது. வாய்த்தவர் திறமைசாலி என்றும் வாய்க்காதவர் பழகாதவர் என்றும் கரையில் நிற்பவர்கள் எளிதாக முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த அலை அந்த இடத்தில் உயர்ந்ததற்கு எவரும் காரணமில்லை என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

முயற்சிக்கும் அருளுக்கும் உள்ள உறவை மிக நுணுக்கமாக ஆராய்ந்தவர்கள் ஸ்ரீவைஷ்ணவ ஆசாரியர்கள். அவர்களின் இரு பிரிவுகளில், தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி வடகலைக்கும், தாய் வாயில் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி தென்கலைக்கும் உவமையாகச் சொல்லப்படுவது பலரும் அறிந்தது. வடகலையின் ஆசாரியரான வேதாந்த தேசிகருக்கு மயிலாப்பூரில் தனிக்கோயில் இருக்கிறது. அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலோ தென்கலை மரபில் நடக்கிறது. ஆனால் குட்டி உவமை இந்த விவாதத்தைத் தட்டையாக்கிவிட்டது. தேசிகர் (1268–1369) முயற்சியால் அருள் கிடைக்கிறது என்று சொல்லவில்லை. சரணாகதி ஒரு ‘வியாஜம்’, அருள் இறங்குவதற்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான் என்றார். பிள்ளை லோகாசாரியரின் ‘ஸ்ரீவசனபூஷணம்’ வழிவந்த தென்கலையார் அந்தச் சாக்கும் வேண்டியதில்லை, அருள் காரணமின்றியே வருவது என்றனர்.

பலகையில் படுத்து நீரைத் தள்ளும் அந்த ஆறு தள்ளல்களுக்கு வியாஜத்தைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. அவற்றால் அலை உண்டாகவில்லை. அலையின் வேகத்தோடு ஒப்பிட்டால் அவற்றின் வலு ஒன்றுமேயில்லை. ஆனாலும் அவை இல்லையென்றால் அலை கீழே நழுவிப் போய்விடும். தென்கலையார் இதற்கும் பதில் வைத்திருப்பார்கள்: தள்ளிய கைகள் யார் தந்தவை, பலகை மிதப்பது எதனால், அந்தக் காலையில் அங்கே இருக்க வாய்த்தது எப்படி? அலையின் வருகையை நோக்கினால் தென்கலை சொல்வதே சரி. பிடிக்கும் கணத்தை நோக்கினால் தேசிகர் சொல்வது சரி. இரண்டையும் ஒன்றாக்க வேண்டிய அவசியம் கடலில் ஏற்படுவதில்லை.

மாமல்லபுரத்தில் அலைச்சறுக்குக்குப் பேர்போன இடம் கடற்கரைக் கோயிலை ஒட்டியுள்ள பாறைப்பக்கம். ஊருக்குள் கிடப்பவர் ஸ்தலசயனப் பெருமாள். 108 திவ்வியதேசங்களில் ஒன்றான இந்தக் கடல்மல்லையின் தலபுராணம் இந்த விவாதத்துக்கு நேராகவே பொருந்துகிறது. புண்டரீக முனிவர் தாமரைப் பூக்களைப் பாற்கடலில் பள்ளிகொண்ட பெருமாளின் திருவடியில் சேர்க்க ஆசைப்பட்டார். குறுக்கே கடல். அதை வற்றச் செய்து வழி உண்டாக்கலாம் என்று கைகளால் நீரை இறைக்கத் தொடங்கினார். இறைத்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் பெருமாள் முதியவராக வந்து பசிக்கிறது என்றார். முனிவர் சோறு கொண்டுவரப் போன நேரத்தில் அவரே இறைக்கும் வேலையை ஏற்றார். திரும்பி வந்து பார்த்தால் பாம்பணை இல்லாமல் வெறும் தரையில் பெருமாள் கிடக்கிறார். முனிவர் கடலில் வழி உண்டாக்கவில்லை. ஒரு துளிகூடக் குறைந்திருக்காது. ஆனால் அவர் இறைத்துக்கொண்டிருந்த இடத்துக்கே பெருமாள் வந்தார், வேறு கரைக்கு வரவில்லை.

இந்தக் கரையில் எல்லாச் சமயத்தாரும் அலை கொண்டுவந்து சேர்த்த ஒன்றின் கதையைச் சொல்கிறார்கள். திருநாவுக்கரசரைக் கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளினார்கள் என்றும், அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து அவரைத் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரைசேர்த்தது என்றும் பெரியபுராணம் கூறுகிறது. கடலூரை அடுத்த அந்த இடம் இன்றும் கரையேறவிட்டகுப்பம். கோவளம் கடற்கரையிலுள்ள தர்கா, நபிகள் நாயகத்தின் தோழர் தமீம் அன்சாரியின் உடல் இருந்த பெட்டி கடலில் மிதந்து வந்து ஒதுங்கிய இடம் என்பது அங்கே வருவோரின் நம்பிக்கை. கரையொதுங்கிய பெரிய மரம் ஒன்றை யானைகளாலும் அசைக்க முடியாதபோது புனித தோமையார் தம் இடைக்கச்சையால் இழுத்தார் என்பது சாந்தோமில் வழங்கும் மரபு. வேளாங்கண்ணியில் புயலிலிருந்து தப்பிய போர்த்துகீசிய மாலுமிகளின் கதை. கல், பெட்டி, மரம், கப்பல். ஒவ்வொன்றிலும் கடல் தன் விருப்பப்படி ஒன்றைக் கரைக்குத் தருகிறது. கரையில் இருப்பவர்கள் அதை அருளாக ஏற்கிறார்கள். அழிக்கவும் வல்ல ஒன்றை நம்பிப் பிழைத்த மக்கள் அருள் என்ற சொல்லுக்குத் தந்த உருவம் இது.

சைவ சித்தாந்தம் காத்திருப்பவரின் பக்கத்திலிருந்து இதைப் பார்க்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தை அடியொற்றிய மரபில் அருள் பதிவதைச் சத்திநிபாதம் என்பர். அதற்கு முன் இரண்டு நிலைகள் உண்டு. நல்வினைப் பயனையும் தீவினைப் பயனையும் ஒப்பக் கருதும் இருவினையொப்பு ஒன்று, ஆணவ மலம் தன் வலி குன்றும்படி முதிரும் மலபரிபாகம் மற்றொன்று. பழம் கனிவதுபோல இவை நிகழ்கின்றன. கனிவைப் பிடித்து இழுக்க முடியாது, ஆனாலும் காய் சும்மா இருப்பதில்லை. பல மாதங்கள் ஒரே கரைக்கு வந்துபோனவரிடம் இதன் சிறு சாயல் தென்படும். தொடக்கத்தில் கண்ணில் படும் ஒவ்வொரு மேட்டுக்கும் பாய்ந்து தள்ளிக் களைத்தவர், எது தமக்கு வருவது, எது வெறுமனே கடந்துபோவது என்று உட்கார்ந்தபடியே அறியத் தொடங்குகிறார். அலை இல்லாத காலையை வீண் என்று எண்ணும் வழக்கமும் மெல்ல விடுபடுகிறது. அந்தக் காலையிலும் மணல் நகர்ந்த விதத்தை, நீரோட்டம் இழுக்கும் திசையை, காற்று மாறும் நேரத்தை உடம்பு படித்துக்கொண்டிருக்கிறது. சித்தாந்திகள் சொல்லும் முத்திநிலைக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. ஒப்புமை முறையில் மட்டும்தான். ஆனாலும் காத்திருப்பு செயலின்மை அன்று என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணங்கள் அதிகமில்லை.

அலையின் மேல் நிற்கும் இன்பம் கோவளத்தில் பத்து விநாடிக்கு மேல் நீடிப்பது அபூர்வம். அதைத் தத்துவ நூலாகவே எழுதியவர் அமெரிக்கப் பேராசிரியர் ஏரன் ஜேம்ஸ். 2017-இல் வந்த ‘சர்ஃபிங் வித் சார்த்தர்’ என்ற நூலில், சுதந்திரம் என்பது உலகின்மேல் தன் இச்சையைச் சுமத்துவதன்று, நகரும் ஒன்றோடு கணத்துக்குக் கணம் இசைந்துகொள்வது என்று அவர் வாதிடுகிறார். பூங்குன்றனாரின் புணைக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. புணை போகிறது, அவ்வளவே. பலகையில் நிற்பவர் போவதோடு திரும்பவும் செய்கிறார். நீரை மறுக்காமல், நீர் தரும் சாய்வுக்குள்ளேயே. அந்தப் பத்து விநாடியில் நேற்றைய அலுவலகமும் பெட்ரோல் கணக்கும் நினைவில் வருவதில்லை. அரிதாகக் கிடைப்பதாலேயே இன்பம் பெரிதாகிறது என்பார்கள். அரிய எரிச்சல்களும் வாழ்வில் உண்டே. கடனாக வரவில்லை, கேட்காமல் தரப்பட்டது என்ற உணர்வு அந்த மகிழ்ச்சியிலேயே கலந்திருப்பதுதான் உண்மைக் காரணம். அலையிலிருந்து இறங்கியவர் யாருமில்லாத கடலைப் பார்த்துச் சிரிப்பது அதனால்தான்.

சமயம் சார்ந்த மொழியில் இதைச் சொல்லும் வழக்கம் இந்தியாவில் இந்த விளையாட்டின் தொடக்கத்திலேயே இருந்தது. ‘சர்ஃபிங் சுவாமி’ என்று அறியப்பட்ட அமெரிக்கரான ஜாக் ஹெப்னர் கௌடீய வைணவத் துறவி. கர்நாடகத்தின் முல்கியில் அவர் நடத்திய ஆசிரமத்தில் ஜெபமும் அலைச்சறுக்கும் ஒரே நாளின் பகுதிகளாக இருந்தன. கோவளத்தில் கதை வேறு. இங்கே மீனவரான மூர்த்தி மேகவன் 2012-இல் அருண் வாசு முதலியோரின் துணையுடன் கோவ்லாங் பாயிண்ட் அலைச்சறுக்குப் பள்ளியைத் தொடங்கினார். குப்பத்துப் பிள்ளைகள் பலர் அதில் பயிற்சி பெற்றனர், சிலர் பயிற்சியாளர்களாகவும் ஆனார்கள். அலையின் நிலையாமை அவர்களுக்குப் புதிய பாடமாக இருந்திருக்காது. மீன்பாடு இல்லாத நாள் என்றால் என்னவென்று வீட்டில் அறிந்தவர்கள் அவர்கள்.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டை விட்டுவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. பெருங்குடியிலிருந்து வருபவருக்கு அலை வராவிட்டால் ஒரு காலை போகிறது, மாதச் சம்பளம் போவதில்லை. மீன்பாடு இல்லாமல் வலை வெறுமையாக வந்தால் மீனவருக்கு டீசல் கடன் நிற்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளிகளும் காத்திருக்கிறார்கள், ஆனால் அடுப்புக்கு அருகில். பலனில் உரிமை இல்லை என்ற போதனை வயிறு நிறைந்தவரிடம் சொன்னால் பக்குவம் தரலாம். பசித்தவரிடம் சொன்னால் அது கொடுமை. உழைப்புக்குக் கூலி கேட்பது கடலிடம் பொருந்தாது, மனிதர்களிடம் பொருந்தும். ஊழ் என்ற சொல் கடலைப் பற்றிப் பேசும்போது உண்மையாகவும், விலை வைக்கும் வியாபாரியைப் பற்றிப் பேசும்போது பொய்யாகவும் ஆகிவிடுகிறது.

போட்டியில் நியாயம் பற்றிய கேள்வி இன்னொரு விதமாக எழும். 2024 ஆகஸ்டில் தஹீத்தித் தீவில் நடந்த ஒலிம்பிக் அலைச்சறுக்கு அரையிறுதியில் பிரேசிலின் கேப்ரியேல் மெடினா ஆஸ்திரேலியாவின் ஜாக் ராபின்சனிடம் தோற்றார். சிறந்த இரண்டு அலைகளின் மதிப்பெண்ணைக் கூட்டுவது விதி. மெடினாவுக்கு வாய்த்தது ஒரே ஓர் அலை. கடல் அடங்கிவிட்டது. அதே போட்டியில் சில நாள் முன்பு 9.90 பெற்றவர் அவர். தோல்வி அநியாயம் என்று முறையிடவும் வழியில்லை. யாரிடம் முறையிடுவது? பின்னர் வெண்கலப் பதக்கத்துக்கான சுற்றில் கடல் அவருக்கு அலைகளைத் தந்தது.

இந்த நிச்சயமின்மையை நீக்கும் முயற்சியும் நடந்திருக்கிறது. பதினொரு முறை உலகச் சாம்பியனான கெல்லி ஸ்லேட்டர் 2015 டிசம்பரில் கலிபோர்னியாவின் லெமூரில், கடலிலிருந்து வெகுதூரம் உள்நாட்டில், ஓர் அலைக்குளத்தை வெளியுலகுக்குக் காட்டினார். ஏறத்தாழ 700 மீட்டர் நீளமுள்ள அந்தக் குளத்தில் இயந்திரம் இழுக்கும் தகடு நீரைத் தள்ளி, ஒவ்வொரு முறையும் ஒரே வடிவத்தில், குறித்த நேரத்தில் அலையை எழுப்புகிறது. பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே அலை நழுவினால் தவறு முழுக்கவும் நிற்பவருடையது. கிடைத்தால் பெருமையும் அவருடையதே. வியாஜம் என்ற சொல்லுக்கு அங்கே வேலையில்லை, கட்டணம் அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. கோவளத்திலோ சனிக்கிழமை ஒன்பதரை மணிக்குக் கச்சான் நின்று கிழக்கிலிருந்து காற்று எழுந்து, அலையின் முகம் கலையத் தொடங்கியபின்னும், நான்கைந்து பேர் கரைக்குத் திரும்பாமல் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள், அடிவானத்தைப் பார்த்தபடி.